நல்ல இடமா என்று கேட்டேன்

மே 25, வியாழன்

மதுமதி இன்று குண்டைத் தூக்கிப் போட்டாள். சாம்பாருக்குக் கடுகு தாளித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து ஃப்ரிட்ஜ் மேல் சாய்ந்துகொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொல்கிறாள்: "அம்மா, சிந்தாதிரிப்பேட்டைல ஒரு வீடு பாத்தேன். ரெண்டாவது மாடி. ஒரு ரூம், கிச்சன், பாத்ரூம் உள்ளயே இருக்கு. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிடலாம்."

"யாரோட?" என்றேன்.

"யாரோடயும் இல்ல. நான் மட்டும்."

கடுகு கருகிப் போனது. அதையே ஊற்றிச் சாப்பிட்டோம்.

அவள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. டயாலிசிஸ் டெக்னீஷியன் வேலை. காலை ஆறு மணிக்கு முதல் நோயாளியை மெஷினில் போட வேண்டும். அதற்காக விடிவதற்கு முன்பே தாம்பரத்தில் ரயில் ஏறுகிறாள். மத்தியானம் வீடு திரும்பும்போது முகம் காய்ந்து கிடக்கிறது. ஆனால் அதற்காகச் சிந்தாதிரிப்பேட்டையா! மீன் மார்க்கெட், கூவம், மோட்டார் பம்பு கடை. ஒரு பெண் தனியாக இருக்கிற இடமா அது?

வீட்டுக்காரர்கள் வைகாசி முடிவதற்குள் பதில் கேட்கிறார்களாம். ஆனி பிறந்துவிட்டால் யாரும் குடி வர மாட்டார்கள், அடுத்தது ஆடி. "நீயே போய்ப் பாத்துச் சொல்லும்மா. நீ நல்ல இடம்னு சொன்னா போறேன், இல்லன்னா விட்டுடறேன்" என்றாள்.

நாலு வருஷத்துக்கு முன்னாலும் இதையேதான் சொன்னாள். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

மே 26, வெள்ளி

காலையில் எதிர்வீட்டு ராஜத்திடம் சொன்னேன். "ஐயையோ, அந்த ஏரியாவா?" என்று மார்பில் கை வைத்துக்கொண்டாள். அந்த ஏரியாவுக்கு எப்போது போனாய் என்று கேட்டேன். போனதே இல்லையாம். இவளிடம் போய்க் கேட்டேன் பார்.

நானே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன். மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் மீட்டர் கணக்கெடுத்தவள் நான். ஏறி இறங்காத படி இல்லை. ஒரு வீட்டு மீட்டர் பெட்டியைப் பார்த்தே அந்த வீட்டு மனுஷர்களைச் கஸ்தூரி சொல்லிவிடுவாள் என்று ஆபீஸில் பேர் எனக்கு. மதுமதியிடம் சொல்லாமல், வீட்டுக்காரர்களுக்கும் தெரியாமல், வெவ்வேறு நேரங்களில் போய்ப் பார்த்து எழுதி வைக்கப் போகிறேன். அப்போதுதான் "வேண்டாம்" என்று சொல்லும்போது காரணம் கையில் இருக்கும்.

ஆம், வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறேன். ஆனியும் ஆடியும் தாண்டிவிட்டால் ஆவணிக்குள் அவளுக்கு மனசு மாறிவிடும்.

இங்கே அவளுக்கு என்ன குறை? ரெண்டு வருஷம் முன்னால், இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு, ஒரே ஒரு பையுடன் வந்து வாசலில் நின்றாள். அன்றையிலிருந்து ஒரு சொல் அவளைக் கேட்டிருப்பேனா? விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்றுகூட ரவா கேசரி கிளறி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மே 29, திங்கள்

முதல் விஜயம். காலை பத்தரை மணி. எழும்பூரில் இறங்கி, பாலம் தாண்டி, விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன்.

சந்து என்றால் அப்படி ஒரு சந்து. ரெண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று யார் வீட்டுக்குள்ளாவது நுழைந்துதான் வழி விட வேண்டும். தலைக்கு மேலே ஒயர் சிக்கு. ஒன்பதாம் நம்பர்தான் மதுமதி பார்த்த வீடு. கீழே வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், மாடிப்படி வெளியிலிருந்தே ஏறுகிறது. மீட்டர் பெட்டிக்குக் கதவு இருக்கிறது, கதவுக்குச் சந்தனமும் குங்குமமும் இருக்கிறது. அதை மட்டும் நல்லது என்று குறித்துக்கொண்டேன்.

மற்றபடி ஒன்றும் சரியில்லை. சந்து முனையில் பட்டப்பகலில் ஏழு பையன்கள் கேரம் ஆடுகிறார்கள். வேலை வெட்டி கிடையாதா? தெருவிளக்கு ரெண்டில் ஒன்று உடைந்திருக்கிறது. எல்லாவற்றையும் விட, பத்தடி நடக்க விடுகிறார்களா என்றால் இல்லை. "யார்மா வேணும்?" "எந்த வூட்டுக்கு?" "யார தேடறீங்க?" நாலு பேர் கேட்டுவிட்டார்கள். நான் யாரைத் தேடினால் இவர்களுக்கு என்ன?

நான் அங்கே நின்றதற்குச் சாக்கு வேண்டுமே. முனையில் பலகை போட்டு மீன் விற்கிற அம்மாவிடம் போய்ச் சங்கரா மீன் வாங்கினேன். தேசம்மா என்று பெயர். ஐம்பத்தைந்து இருக்கும், என்னைவிட நாலைந்து வயது குறைவு. அவள் மீனைச் செதில் உரிக்கும்போது ஒன்பதாம் நம்பரை முகவாயால் காட்டி, மெதுவாகக் கேட்டேன்: "இந்த இடம் எப்படிம்மா? நல்ல இடமா?"

கத்தி நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பொண்ணு இருக்குதா?" என்றாள்.

"ஒரே பொண்ணு."

"உம்" என்றாள். "நல்ல இடந்தாம்மா." திரும்பவும் செதில் உரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

இஸ்திரி வண்டிக்காரர் தானாகவே முன்வந்தார். "ஒன்பதாம் நம்பரா? கண்ண மூடிகினு குடுக்கலாம்மா. பையன் தங்கம். ஒரு பீடி, சிகரெட்டு கெடையாது."

அட்வான்ஸ் கொடுப்பதைச் சொல்கிறார். வீட்டுக்காரர் பையனைப் பற்றி நான் கேட்காமலே சொன்னதும் ஒருவகையில் சரிதான். மாடியில் ஒரு பெண் குடியிருக்க வேண்டுமென்றால் கீழே இருக்கிற பையன் எப்படி என்று பெற்றவளுக்குக் கவலை இருக்காதா? விவரமான மனுஷர்.

இருந்தாலும் என் தீர்ப்பு: வேண்டாம்.

மே 30, செவ்வாய்

சங்கரா மீன் குழம்பு. மதுமதி ரெண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள். "எங்கம்மா வாங்கின?" என்றாள். தாம்பரம் மார்க்கெட் என்றேன். "பரவால்லயே" என்று முள்ளை உறிஞ்சிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

தட்டு கழுவும்போது என் கையிலிருந்து எவர்சில்வர் தாம்பாளம் நழுவித் தரையில் விழுந்தது. கூடத்தில் அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "ஒண்ணுமில்லடி, தட்டு" என்றேன். "தெரியும்மா" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஜூன் 1, வியாழன்

இரண்டாம் விஜயம். சாயங்காலம் ஆறரை. ராஜத்தோடு பிரவசனம் கேட்கப் போகிறேன் என்று மதுமதியிடம் பொய்.

சாயங்காலத்தில் அந்தச் சந்து கல்யாண வீடு போல இருக்கிறது. வீட்டுக்கு ரெண்டு நாற்காலி வெளியே வந்துவிடுகிறது. டீக்கடைக்காரர் தனபால் எனக்கு இடம் போட்டுக் கொடுத்து டீயும் கொடுத்தார். பேச்சுக் கொடுத்தார் என்று தனியாக எழுத வேண்டியதில்லை, அங்கே எல்லோருமே கொடுக்கிறார்கள்.

"பொண்ணு இன்னா வேலைமா?"

"ஆஸ்பத்திரில. டயாலிசிஸ்."

"சூப்பரு. பொண்ண ஒருவாட்டி இட்டாந்து காட்டலாம்ல?"

"அவ ஏற்கெனவே வந்து பாத்துட்டாளே."

"பாத்துட்டாளா!" டீ ஆற்றிக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நின்றது. "யார் கூட?"

"தனியாத்தான். வேலை முடிஞ்சு வந்து பாத்திருக்கா. ரொம்பப் புடிச்சுப்போச்சாம்."

தனபால் பெஞ்சில் இருந்தவரைப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர் தனபாலைப் பார்த்தார். "காலம் மாறிப்போச்சுமா" என்றார் தனபால், கொஞ்சம் மரியாதையோடு. ஒரு பெண் தனியாக வாடகை வீடு பார்த்ததற்கு இத்தனை ஆச்சரியமா? இவர்கள் எந்தக் காலத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. சந்து முனையில் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளம். நான் தயங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, கேரம் பையன்களில் ஒருத்தன் எழுந்து வந்து போன் வெளிச்சம் அடித்தான். "ஆன்ட்டி, இந்தாண்ட கால் வைங்க." ஆட்டோ கிடைக்கும் வரை நின்றான். ஆட்டோக்காரரிடம், "லோகு அண்ணன் வூட்டுக்கு வந்தவங்க, பாத்து இட்னு போ" என்றான். வீட்டுக்காரர் பையனுக்கு லோகு என்று பெயர் போலிருக்கிறது. நான் எந்த வீட்டுக்காக வருகிறேன் என்று சந்து பூராவும் தெரிந்துவிட்டது. ரகசியமாகப் பார்க்க வந்த லட்சணம்!

ஜூன் 2, வெள்ளி

மூட்டு வலி. தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன். மதுமதி வந்து காலைப் பிடித்துவிட்டாள். "பிரவசனம் மாடிலயா நடந்துச்சு?" என்றாள்.

ஜூன் 5, திங்கள்

மூன்றாம் விஜயம். அவளுக்கு இந்த வாரம் இன்று விடுமுறை, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தினமும் பிடிக்கிற அதே ரயிலில் நான் போனேன். ஒரு பெட்டியில் நாலே பெண்கள். ரெண்டு வருஷமாக என் பெண் இப்படியா போய்க்கொண்டிருக்கிறாள்? மனசு கேட்கவில்லை.

ஐந்தேகால் மணிக்குச் சந்தில் நின்றேன். மதுமதி அங்கே குடி வந்தால் வேலைக்குப் புறப்படுகிற நேரம் அதுதான். வெறிச்சென்று இருக்கும், "ஆளில்லாத சந்து" என்று எழுதி முடித்துவிடலாம் என்று போனேன். அடிபம்புக்கு முன்னால் குடத்தோடு பதினோரு பெண்கள். சண்டை வேறு. தேசம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "இந்நேரத்துல கூடவா விசாரிப்பாங்க?" என்று கேட்டாள். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார்ந்து யோசித்தேன். அவள் கல்யாணம் ஆகிப் போன இடம் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், பதினான்கு மாடிக் குடியிருப்பு. மூன்று கேட், ஒவ்வொன்றிலும் காவலாளி, லிஃப்ட்டுக்குள்கூடக் கேமரா. மீட்டர்கள் எல்லாம் தரைத்தளத்தில் பூட்டிய அறையில் வரிசையாக. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்க நான் போன அன்று, மத்தியானம் பதினோராம் மாடி நடையில் ஒரு ஈ காக்கை இல்லை. எவ்வளவு அமைதி என்று நானே மூன்று பேரிடம் பெருமையாகச் சொன்னேன். யாரும் என்னை "யார் வேணும்?" என்று கேட்கவில்லை.

கட்டடத்தின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஜூன் 6, செவ்வாய்

ரேஷனில் பாமாயில் வரவில்லை. மாவு அரைத்தேன். வைகாசி முடிய இன்னும் ஒன்பது நாள்.

ஜூன் 8, வியாழன்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

கடைசியாக ஒரு தடவை, உருப்படியான ஒரு காரணம் கிடைக்காதா என்றுதான் போனேன். காலை பதினோரு மணி. தேசம்மா என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுக் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். காலி மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, "குந்து" என்றாள். குந்தினேன்.

"நாலு வாட்டி வந்துட்ட. ஒவ்வொரு வாட்டியும் சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்து முழுங்கிகினேன். ரெண்டு நாளா சோறு எறங்கல எனக்கு."

"சொல்லும்மா" என்றேன்.

"விசாரிக்க வந்தா எல்லாரும் நல்ல இடம்னுதான் சொல்லுவாங்க. ஒரு கல்யாணத்தக் கெடுத்த பாவம் நமக்கு எதுக்குன்னு. நானும் அத்தயேதான் சொன்னேன் உன்கிட்ட."

"கல்யாணமா?" என்றேன். அவள் காதில் விழவில்லை. ஆரம்பித்துவிட்டாள், இனி நிற்காது.

"லோகு தங்கந்தாம்மா. அதுல பொய் இல்ல. ஆனா அவன் மனசு இங்க இல்ல. எழும்பூர்ல மருந்துக் கடைல ஒரு பொண்ணு வேல செய்து. நாலு வருசமா அந்தப் பொண்ணுதான் அவனுக்கு எல்லாம். ஆத்தாக்காரிக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சே வேற எடத்துல பொண்ணு தேடுது, கட்டி வச்சா சரியாப்பூடும்னு. சரியாவுமா? நீயே சொல்லு. உம்பொண்ணு எதுக்கு வந்து அந்த வூட்ல குந்தி அழணும்? வேலைக்குப் போற பொண்ணு, தனியா வந்து பையனப் பாத்துட்டுப் புடிச்சிருக்குன்னு சொன்ன பொண்ணு. அத்த நெனச்சாத்தான் எனக்குத் தாங்கல. குடுக்காதம்மா. நான் சொன்னேன்னே சொல்லு, பயமில்ல. உம்பொண்ண அந்த எடத்துல குடுக்காத."

எனக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது. முதலில் இஸ்திரிக்காரரின் "குடுக்கலாம்" புரிந்தது. அடுத்து தனபாலின் அந்தரத்தில் நின்ற டீ. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம். நான் இடம் எப்படி என்று கேட்டேன். அவர்கள் சம்பந்தம் பேசுகிற இடத்தைப் பற்றிச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் ஒரு அம்மாக்காரி ஒரு வீட்டை முறைத்துப் பார்த்துக்கொண்டு "நல்ல இடமா?" என்று கேட்டால் வேறு என்ன அர்த்தம்? எனக்குத்தான் புத்தி எங்கே போனது!

"தேசம்மா, நான் மாப்பிள்ளை பாக்க வரல. மாடி போர்ஷன் வாடகைக்கு வந்திருக்கில்ல, அந்த இடத்தப் பத்திக் கேட்டேன்."

என்னையே பார்த்தாள். வாய் திறந்தபடி இருந்தது. பிறகு தொடையில் ஓங்கி ஒரு அடி. செதில் பறந்தது. "யோவ் தனபாலு! இந்தம்மா மாடி போர்ஷனுக்கு வந்துகீதுயா! பொண்ணு பாத்துட்டு புடிச்சிருக்குன்னது வூட்டயாம்!"

அடேயப்பா, அந்தச் சிரிப்பு! டீக்கடை சிரித்தது, கேரம் சிரித்தது, இஸ்திரிக்காரர் பெட்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். இப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று.

சிரிப்பு அடங்கின பிறகு கேட்டேன். "இதை என்கிட்ட சொன்னது அவங்களுக்குத் தெரிஞ்சா சண்டை வராதா? எதிர்க்க எதிர்க்க இருக்கீங்க."

"வரும். ரெண்டு நாளு ஏசுவாங்க. எங்கிட்ட மீன் வாங்க மாட்டாங்க. மூணாவது நாளு வந்துருவாங்க, நம்ம மீனு அப்டி."

"என் பொண்ணு யாருன்னே உனக்குத் தெரியாதே."

"தெரிஞ்சாத்தான் சொல்லணுமா?" என்றாள்.

அவ்வளவுதான். அங்கேயே, மீன் பெட்டி மேல் உட்கார்ந்து, நடுச்சந்தில், அறுபது வயதை எட்டப்போகும் நான் விக்கி விக்கி அழுதேன். அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை. "கை கவிச்சி" என்று இரண்டு உள்ளங்கைகளையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கைகளால் என்னை அணைத்துக்கொண்டாள். தனபால் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்.

ஜூன் 9, வெள்ளி

எழுதப் போவதில்லை என்று சொன்னேன். எழுதிவிடுகிறேன்.

நாலு வருஷம் முன்னால் அந்தப் பதினோராம் மாடியில், மாப்பிள்ளை வீட்டுக்கு எதிர்வீட்டு மணியை அடித்தேன். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா கதவை நாலு விரல்கடை திறந்தார். "எதிர்வீட்டுப் பையனுக்கு எங்க பொண்ணைப் பாத்திருக்கோம். நல்ல இடமா?" என்று கேட்டேன். எதிர்க் கதவை ஒரு தடவை பார்த்தார். "நல்லா விசாரிச்சுக்கோங்க" என்றார். கதவைச் சாத்திவிட்டார்.

மரியாதைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மரியாதைக்கு யாராவது கதவைச் சாத்துவார்களா? லிஃப்ட்டில் இறங்கும்போதே எனக்கு நெஞ்சு கனத்தது. ஆனால் மண்டபம் பேசியாகிவிட்டது. பத்திரிகை அச்சுக்குப் போயாகிவிட்டது. வீட்டுக்கு வந்து, "நல்ல இடம்டி" என்று அவளிடம் சொன்னேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாமியிடம்கூட.

ஜூன் 11, ஞாயிறு

மத்தியானம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம், நானும் அவளும், நடுவில் முறம். நான் சிந்தாதிரிப்பேட்டைக்கு நாலு தடவை போய் வந்ததைச் சொன்னேன்.

"தெரியும்மா. தாம்பரத்துல ஏது அவ்வளவு நல்ல சங்கரா?" என்றாள்.

மாப்பிள்ளைக் கூத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப நான் தனியா போய்ப் பையனப் பாத்துட்டு வந்த பொண்ணா!" என்று முறம் ஆடச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "சரி, சொல்லு. நல்ல இடமா?"

நாலு வருஷம் முன்னால் சொன்ன அதே சொல் வாயில் வந்து நின்றது. வெளியே வரவில்லை. அதற்குப் பதிலாக அந்த மூக்குக்கண்ணாடி அம்மா வந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கதவு நாலு விரல்கடை திறந்ததை, மண்டபத்தை, லிஃப்ட்டில் நெஞ்சு கனத்ததை. "எனக்கு அன்னிக்கே தெரியும்டி. தெரிஞ்சேதான் உன்னை அனுப்பினேன். என்னை நம்பி இன்னொரு இடத்துக்குப் போகாதே" என்றேன்.

அவள் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். ஒரு கொத்து முடிந்து இன்னொரு கொத்து எடுத்தாள்.

"அம்மா" என்றாள். "மாமாவும் சித்தியும் என்ன சொல்றாங்க? கஸ்தூரி பாத்த இடம் இப்படி ஆயிடுச்சேன்னு. நீயும் அதையே சொல்லிச் சொல்லி உன்னை அடிச்சுக்கற. என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"என்னடி கேக்கணும்?"

"எனக்கு அவனைப் பிடிச்சிருந்துச்சும்மா. ரொம்ப. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு மாடிப்படில நின்னு பேசினோமே, அப்பவே. அந்த ஆன்ட்டி என் காதுல வந்து கத்தியிருந்தாக்கூட நான் கட்டிக்கிட்டுத்தான் இருந்திருப்பேன். நீ அனுப்பி நான் போகல. நானா போனேன்."

நான் ஆய்ந்த கீரையையே திரும்ப ஆய்ந்தேன், அவள் மேலே சொன்னாள்:

"திரும்பிப் போக மாட்டேன். அது முடிஞ்சு போச்சு. அவன் செஞ்சதை மன்னிக்கவும் மாட்டேன். ஆனா சில நாள் அவனை நெனச்சா அழுகை வருதும்மா. அடிச்சதை நெனச்சு இல்ல. நல்லா இருந்த நாளை நெனச்சு. இந்த வீட்டுல அழ முடியல. என் மூக்கு சிவந்தா நீ கிச்சன்ல போய் உன் தலைல அடிச்சுக்கற. உனக்காகவே ரெண்டு வருஷமா நான் சிரிச்சுக்கிட்டு இருக்கேன். வேலைக்குப் பக்கமா இருக்கும்ங்கறது நெஜம்தான். ஆனா எனக்கு ஒரு ரூம் அழறதுக்குத்தாம்மா வேணும்."

நான் இத்தனை நாள் தெருவிளக்கை எண்ணிக்கொண்டிருந்தேன். என் பெண் யாரிடமிருந்து தப்பிக்க இடம் தேடினாள் என்பதைக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன். அவளைக் கட்டிக்கொண்டேன். ரெண்டு பேர் மடியிலும் கீரை.

சிந்தின கீரையை முறத்தில் பொறுக்கிப் போட்டுக்கொண்டே சொன்னேன். "ஆனா அந்தச் சந்துல போய் உன்னால தனியா அழ முடியாதுடி. ஒரு விசும்பல் கேட்டாப் போதும், தேசம்மா படியேறி வந்துடுவா. பின்னாலயே தனபால் டீயோட வருவார்."

"வரட்டும்மா. அவங்களுக்கு அவனைத் தெரியாது. அவன் நல்லா இருந்ததைச் சொன்னாலும் கேட்டுப்பாங்க."

ஜூன் 14, புதன்

வைகாசி முடிவதற்கு ஒரு நாள் முன்னால் பால் காய்ச்சினோம். வீட்டுக்கார அம்மா இன்னும் தேசம்மாவிடம் பேசவில்லையாம், ஆனால் லோகு வந்து மெத்தையைத் தூக்கி மாடியில் போட்டான். என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான்.

சாயங்காலம் நான் கிளம்பினேன். தாழ்ப்பாளைப் போட்டுக்கோ, இருட்டினா வெளியே போகாதே, யாரையும் நம்பிடாதே என்று சொல்ல ஒரு பட்டியலே வைத்திருந்தேன். படி வரைக்கும் வந்தாள். என் புடவைத் தலைப்பைச் சரி செய்தாள். அந்த இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லா அழுடி கண்ணு" என்றேன். "நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

சரி என்று தலையாட்டினாள். நான் ரெண்டு மாடி இறங்கிச் சந்துக்கு வருவதற்குள் ஆரம்பித்துவிட்டாள். மேலே ஜன்னல் வழியாகக் கேட்டது. என் கால் திரும்பப் பார்த்தது, நான் விடவில்லை. தேசம்மா பலகையைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். போ என்று தலையசைத்தேன். அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு படியேறினாள். நான் எழும்பூருக்கு நடந்தேன்.